தகுதியும் பாத்திரமும்

ஒரு சொல்லின் பொருளை அறிய விழைவார் அகராதியை விரித்து நோக்குவர். யானும் அப்பழக்கம் உடையேன். ஆயினும், ஈண்டு யான் ஆராயப் புகுந்த சொல் அகராதியினின்றும் எனக்குக் கிடைத்ததன்று. இராயபுரத்திலுள்ள எம் இல்லத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், என் ஆயாவின் வாய்மொழியாகக் கிடைத்தது.

எங்கள் ஆலயத்தில் திருவிருந்து நடைபெறும் நாள்களில் ஏனையோரெல்லாம் எழுந்து பீடத்தண்டை சென்று முழந்தாளிடுவர். ஆயா மட்டும் இருக்கையை விட்டு எழுவதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அமர்ந்திருப்பார். சிறு பிள்ளையாயிருந்தபொழுது முழங்கால் வலியே காரணமென்று எண்ணியிருந்தேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த பின்னர்த் துணிந்து ஒரு நாள் கேட்டுவிட்டேன். "நான் அதுக்குப் பாத்திரமில்ல கண்ணு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டார்.

பின்னர் அத்தையின் வாயிலாக மற்றச் செய்தியை அறிந்தேன். ஆயா இளமையிற் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாய் விற்றவர். திடப்படுத்தல் பெற்ற ஆண்டில், ஒரு நாள் விற்பனை முடிந்து நேரமாகிவிட்டமையால், அன்னக்கூடையை ஆலயத்தின் வெளிவாயிலில் வைத்துவிட்டு, கட்டிய சேலையோடே உள்ளே வந்து திருவிருந்துக்கு நின்றாராம். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், அபாத்திரமாய்ப் புசிக்கிறவனுக்கு வருவது இன்னதென்று வேத வசனத்தை எடுத்துக் காதோடு சொன்னாராம். அவர் எக்கருத்தோடு சொன்னாரோ, அறியோம். மீன் நாற்றம் பற்றியே சொன்னார் என்பது அத்தையின் துணிபு. அன்று வரிசையினின்றும் விலகிய ஆயா பின்னர் ஒருபொழுதும் அவ்வரிசையில் நின்றிலர். ஆண்டுகள் ஐம்பதிற்கு மேலாயின.

ஒரே சொல் ஒருவரை ஐம்பது ஆண்டு இருக்கையோடு பிணித்துவைக்குமாயின், அச்சொல்லின் பொருள் யாது, அஃது எங்ஙனம் வழங்கிற்று என்று ஆராய்தல் தமிழ் பயில்வார்க்குக் கடனன்றோ? அதுவே இக்கட்டுரை எழுந்த காரணமாகும்.

முதலில் கடல் கடந்து செல்வோம். சென்னையிற் கிறிஸ்தவக் கல்வியைப் பரப்பியவருட் பலர் ஸ்காத்லாந்து நாட்டினர். யோவான் ஆண்டர்சன் என்பார் 1837 ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியே வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. எழும்பூருக்கு அண்மையில், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையருகே உயர்ந்த கோபுரத்தோடு நிற்கும் பரிசுத்த அந்திரேயா ஆலயமும் அந்நாட்டார்க்கென்றே 1821 இல் திறக்கப்பட்டது. அவர்தம் நாட்டு மொழியில் தகுதியுடைமையைக் குறிக்கும் சொல் 'வொர்டி' என்பது. ஆங்கிலர் 'வொர்தி' என நாவைப் பல்லிடை வைத்து மெல்ல ஒலிப்பதனை அவர் வன்மையாக ஒலித்தனர், வேறுபாடு அவ்வளவே. ஆயினும் எழுத்திற் காணுங்கால் அச்சொல், ஆங்கிலத்திற் 'சொற்பெருக்கமுடையது' எனப் பொருள்படும் வேறொரு சொல்லின் உருவத்தை ஒத்திருத்தலின், இராபர்ட் பர்ன்ஸ் என்னும் புலவர் 1786 இல் தம் நாட்டு உணவொன்றை விளித்துப் பாடிய வேடிக்கைப் பாட்டைப் படிக்கும் மாணாக்கர் பலர் மயங்குவர். அவர் அவ்வுணவைத் தகுதியுடையது என்று போற்றினாரேயன்றி வாயாடி என்று ஏசினாரல்லர்.

அச்சொல்லின் வேர் விலையைக் குறிப்பது. இத்துணைப் பொருளுக்கு இத்துணை விலை பெறும் என்பதே அதன் பழம்பொருள். ஆராதனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரினின்றே கிளைத்தது. 'விலையுடைமை', 'மேன்மையுடைமை' என்பதே அதன் முதற்பொருள். அம்மேன்மையை ஒருவர்க்கு உரைத்து வணங்குதல் பின்னர் வந்தது. நாம் ஆலயத்திற் செய்வது கடவுளின் தகுதியை அறிவித்தல் என்று இதனாற் கொள்ளலாம். நம்முடைய தகுதியை அறிவித்தல் அன்று.

ஆனால் அந்நாட்டுச் சபையார் மக்களின் தகுதியையும் அளந்து பார்த்தனர். திருவிருந்து நாளுக்கு முன்னர்ச் சபை மூப்பர் வீடுதோறும் சென்று, வினாவிடை கேட்டு, ஒழுக்கத்தையும் ஆராய்ந்து, தக்கவர் என்று கண்டவர் கையில் ஈயத்தால் வார்த்த சிறு வில்லை ஒன்றைக் கொடுப்பர். அவ்வில்லையைக் காட்டுவோர்க்கே மேசையில் இடம். சபையின் பெயரும் ஆண்டும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிதல் வேண்டும் என்ற அப்போஸ்தலரின் கட்டளையைப் பொறித்தனவும் உண்டு. விருந்துக்கு முன்னர்க் குருவானவர் எழுந்து, யார் யார் வரலாகாது என்று விரித்துரைப்பார். இதற்கு 'மேசைக்கு வேலியிடுதல்' என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டிற் றொடங்கிய இவ்வீய வில்லை வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மெல்ல மறைய, அட்டைச் சீட்டு அதன் இடத்தைப் பெற்றது. நம் வீட்டில் நியாயவிலைக் கடைக்கு அட்டையும், மின்ரயிலுக்குச் சீட்டும் வைத்திருப்பது போல அவர் இதனையும் ஒரு பெட்டியில் வைத்திருப்பர் போலும்.

வேலி உயர்ந்தவிடத்து வேற்றார் மட்டுமன்றி வீட்டாரும் வெளியே நின்றனர். அந்நாட்டின் வடபால் மலைப்பகுதிகளிற் பக்தியிற் சிறந்த முதியோர் பலர், வாழ்நாள் முழுதும் ஆலயத்துக்கு வந்தும், தாம் தகுதியிலர் என்றஞ்சித் திருவிருந்தைத் தொடாமலே மறைந்தனர். ஆலயம் நிறைய மக்கள் இருக்க, விருந்து கொள்வார் சிலராகவே இருந்தனர். எடின்பரோவில் எபிரேய மொழி கற்பித்த யோவான் டங்கன் என்னும் பேராசிரியரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1870 இல் மறைந்த அவரை மாணாக்கர் 'ரபீ' என்றே அழைப்பர். திருவிருந்தின்போது கண்ணீர் வடித்துக் கிண்ணத்தை விலக்கிய ஒரு பெண்ணை நோக்கி, எடுத்துக்கொள்ளுமாறும், அது பாவிகளுக்கானதே என்றும் தம் நாட்டுக் கொச்சை மொழியிலேயே கூறினாராம். இக்கதையை முதன்முதற் படித்தபொழுது எனக்கு ஸ்காத்லாந்து தோன்றவில்லை. எங்கள் ஆலயத்தின் இடப்பக்கத்து மூன்றாம் இருக்கையே தோன்றிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். தகுதியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு நாட்பொழுது நடப்பார் அவை அனைத்தையும் காதாரக் கேட்பர். துறைமுக வாயிலிற் பணிக்கு ஆளெடுப்போர் 'லாயக்கு' என்பர். அஃது அரபிச் சொல், இந்துஸ்தானி வழியாக வந்தது. சண்டையிடுவோர், 'என்னைக் கேட்க உனக்கு என்ன யோக்கியதை?' என்பர், அது வடசொல். அதனினின்றே நேர்மையுடையான் 'யோக்கியன்' ஆயினான். 'அருகதை' என்பாரும் உளர். இதுவும் வடமொழியில் 'தகுதியுடையனாதல்' என்னும் பொருளுடைய வேரினின்றும் வந்தது. சமணர் தம் இறைவனை அருகன் என்றதும் அவ்வேர் பற்றியே. காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் புரட்டிப் பார்ப்போர் 'தரம்' என்பர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நீண்டு நிற்கும் சரக்குப் பெட்டக லாரிகளின் ஓட்டுநர்க்கோ தகுதிச் சான்றிதழ் என்பது 'எப்.சி.' என்னும் ஈரெழுத்தே. திருக்கோயில் அறிவிப்புப் பலகைகளிலே 'தக்கார்' என்றொரு பதவிப் பெயரைக் காணலாம். அறங்காவலர் இல்லாவிடத்து அவர்தம் கடமையைச் செய்ய அறநிலையத் துறையார் அமர்த்தும் ஒருவர் அவர். வள்ளுவர் ஆண்ட சொல், பலகையில் வண்ணம் உதிர்ந்து நிற்கிறது.

இவற்றுள் தமிழுக்கே உரியது 'தகு' என்னும் வேர். தகும், தகாது, தக்க, தகுந்த, தகவு, தகை, தகைமை, தகுதி என இஃது பலவாறு கிளைத்தது. தமிழக அரசு 2021 முதல் வழங்கிவரும் 'தகைசால் தமிழர்' விருதின் பெயரிலும் இதுவே உள்ளது. இவ்வேர் விலையைக் குறிப்பதன்று, பொருத்தத்தைக் குறிப்பது. விலையுடைய பொருள் எவ்விடத்தும் விலையுடையது எனலாம். தக்க பொருள் என்றவுடனே 'எதற்கு?' என்னும் வினா எழுகின்றது. ஆகலின், தகு என்னும் வினை நான்காம் வேற்றுமையை அவாவி நிற்கும்: 'அவனுக்குத் தகும்', 'பணிக்குத் தக்கவள்', 'பருவத்துக்குத் தகுந்த உடை'. நான்காம் வேற்றுமை வெளிப்படாவிடத்தும் உள்ளே மறைந்து நிற்கும். இக்காலத்தார் இதனை மறந்து, 'தகுதியுள்ளவர்', 'தகுதியற்றவர்' என மக்களை இரு குவியலாகப் பிரித்துவிடுகின்றனர். தகுதியும் திறமையும் என்று இரண்டையும் இணைத்து மேடையில் முழங்குவாரை எதிர்ப்படும்பொழுதெல்லாம், 'எதற்குத் தகுதி, ஐயா?' என்று வினவ என் நா துடிக்கும். வினவியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நம் இலக்கண நூலாரும் தகுதி என்பதனை இடத்தோடு பொருந்துதல் என்றே ஆண்டனர். பவணந்தியார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக்கி, தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றனை அடக்கினார். செத்தாரைத் துஞ்சினார் என்றல் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றல் குழூஉக்குறி. செத்தார் என்னும் சொல்லில் இழிவு யாதுமில்லை. அவ்விடத்திற்கு அது பொருந்தாது என்பதே கருத்து. கல்லறைத் தோட்டத்துக் கற்களில் நாம் 'நித்திரையடைந்தார்' என்று பொறிப்பதும் இவ்வகையினதே. துஞ்சுதலும் நித்திரையும் ஒன்றாதலின், பவணந்தியார் காசிமேட்டுக் கல்லறைக்கு வந்தாலும் அவற்றை இனிது படித்துச் செல்வார்.

வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தைத் தகுதி என்னும் சொல்லைக்கொண்டே தொடங்குகின்றார். ஆண்டு அச்சொல்லுக்கு நடுவு நிலைமை என்றே பரிமேலழகர் பொருள் கூறுகின்றார். பகைவர், அயலார், நண்பர் என்னும் பகுதிதோறும் முறை பிறழாது ஒழுகுதலே தகுதியாம். இது மிக நுட்பமானது. ஒருவன் தகுதியுடையனா என்பது, அவன் பிறர்க்கு எங்ஙனம் நடக்கின்றான் என்பதனால் அறியப்படுவது. அவன் யார் மகன், எத்தெருவினன், எவ்வுடையினன் என்பவற்றான் அன்று. இவ்விடத்தைப் பின்னர் மீண்டும் நினைத்தல் வேண்டும்.

சங்கப் புலவர்க்கு இப்பொருளில் வேறொரு சொல்லும் உண்டு. அது 'வரிசை'. புறநானூற்றின் 121 ஆம் பாட்டிற் கபிலர் மலையமான் திருமுடிக்காரியை நோக்கி, கொடுத்தல் எளிது, வந்தவர்தம் வரிசை அறிதலே அரிது என்னும் கருத்தைக் கூறி, புலவர் எல்லாரையும் ஒருபடித்தாய் நோக்குதலை விலக்குமாறு வேண்டுகின்றார். 208 ஆம் பாட்டிற் பெருஞ்சித்திரனார், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாதே அனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கின்றார். காணாது ஈந்த பொருளை ஏற்க யான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்பது அவர் கருத்து. தம் அளவறிந்து சிறிது கொடுப்பினும் இனிது என்பர். வறுமையுற்றுக் குன்றும் மலையும் கடந்துவந்த புலவன், கைக்கெட்டிய பொன்னைத் திருப்பியனுப்பும் அத்துணிவு எத்தகையது! அச்சொல் இன்று எங்ஙனம் வழங்குகின்றது என்று எண்ணுங்கால் நகை தோன்றும். நியாயவிலைக் கடையில் நிற்பது வரிசை. மணமகள் வீட்டார் கொண்டுசெல்வது சீர்வரிசை. மேன்மையறிதல் என்னும் பொருள் கழன்று, ஒருவர் பின் ஒருவராய் நிற்றல் மட்டும் எஞ்சிற்று.

தகுதி என்பது பொருத்தமே என்பதனைக் கண்கூடாகக் காண விழைவார் எங்கள் ஊர்க் கடற்கரைக்கு வருதல் நன்று. 1870களின் நடுவிற் றுறைமுகப் பணி தொடங்குமுன்னர்ச் சென்னையிற் கப்பல் கரையணைதற்கு இடமில்லை. கப்பல்கள் நெடுந்தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலைகள் ஒன்றன்மேலொன்றாய் மோதி உடையும் இடைவெளியைக் கடந்து ஆள்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளிற் றறைந்த ஆணி ஒன்றேனும் இராது. தென்னங்கயிற்றாற் றைத்தே இணைத்திருப்பர். ஆணியறைந்த ஐரோப்பியப் படகு ஆழ்கடலிற் சிறந்தது; இவ்வலையிற் பட்டுத் தரையில் மோதினாலோ விறைப்பால் உடைந்துபோம். தைத்த படகு வளைந்து கொடுத்துப் பிழைக்கும். இரண்டனுள் எது தகுதியுடையது? கேட்டவர் எக்கடலைக் கருதிக் கேட்டார் என்று அறியாமல் விடை கூறலாகாது. புதிதாகக் கட்டிய கடற்சுவரையே 1881 ஆம் ஆண்டுப் புயல் உடைத்தெறிந்தது என்பதனையும் ஈண்டு நினைக.

விலையை வேராகவுடைய ஆங்கிலச் சொல்லும் துறைமுகத்திற்கு வந்தவுடனே தமிழ்ச் சொல்லின் இயல்பைப் பெற்றுவிடுகின்றது. கப்பலின் கடற்றகுதி பற்றிப் பிரிட்டானிய கடற்காப்பீட்டுச் சட்டம் 1906 இல் இலக்கணம் கூறிற்று. நம் நாட்டில் 1963 இல் இயற்றப்பட்ட சட்டமும் அதனையே மேற்கொண்டது. காப்பீடு செய்யப்பட்ட அப்பயணத்தில் இயல்பாக எதிர்ப்படும் கடல் இடர்களைத் தாங்க எல்லா வகையானும் ஏற்றதாயிருத்தலே கடற்றகுதி என்பது அதன் கருத்து. எண்ணூரிலிருந்து தூத்துக்குடிக்குத் தகுந்த கலம் வட அட்லாந்திக்குக் கடலுக்குத் தகாததாயிருக்கலாம். ஒரே பயணம் வெவ்வேறு இடர்களையுடைய பகுதிகளாக நடைபெறுமாயின், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் கலம் அப்பகுதிக்குத் தக்கதாதல் வேண்டும் என்றும் சட்டம் கூறும். கப்பலின் பக்கத்திற் காணும் சுமைக்கோடுகளும் இதனையே காட்டும். சாமுவேல் பிளிம்சால் என்பாரது முயற்சியால் 1876 இல் இங்கிலாந்திற் கட்டாயமாக்கப்பட்ட அக்குறியோடு பின்னர்ப் பல கோடுகள் சேர்ந்தன. வெப்ப மண்டலக் கடலுக்கு ஒரு கோடு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று. கப்பல் ஒன்றே, அது சுமக்கத்தக்க பாரம் நீருக்கு நீர் வேறுபடும்.

இனிப் 'பாத்திரம்'. இதுவே ஆயாவின் சொல். வடமொழியிற் பாத்திரம் என்பது ஏற்கும் கலம். அதனின்று, கொடையை ஏற்கத் தக்கவன் என்னும் பொருள் பிறந்தது. தக்க இடத்திலும் காலத்திலும் பாத்திரமறிந்து ஈதலே உயர்ந்த கொடை என்று பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் கூறும். பாத்திரமறிந்து பிச்சையிடு என்னும் பழமொழி தமிழ்நாட்டில் எவரும் அறிந்ததே. அதனைப் பிச்சைக்காரன் கையிலுள்ள ஓட்டின் அளவை அறிதல் என்று சிறுவனாயிருந்தபொழுது என் தம்பி பொருள்கொண்டான். சொல்லின் வரலாற்றை நோக்க அவன் பெரிதும் தவறவில்லை. மணிமேகலையில் 'பாத்திரம் பெற்ற காதை' என்றும் 'பாத்திர மரபு கூறிய காதை' என்றும் இரண்டு காதைகள் உள. ஆண்டுக் கூறப்படுவது அமுதசுரபி என்னும் கலம். ஆபுத்திரன் கையில் அது எடுக்க எடுக்கக் குறையாதிருந்தது. ஏற்பார் இல்லாத தீவில் அதனாற் பயனில்லாது போகவே, அதனை நீரில் விட்டு அவன் உயிர் துறந்தான். கலத்தின் பெருமை அதனுட் பெய்வதனாலும் அதனின்று எடுத்து உண்பாராலுமேயன்றி, கலத்தின் உலோகத்தால் அன்று.

நம் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பு இச்சொல்லையே மேற்கொண்டது. நூற்றுக்கதிபதி தன் வீட்டுக்கு இயேசு வருதற்குத் தான் பாத்திரன் அல்லன் என்கிறான். யோவான் ஸ்நானனும் அவர் பாதரட்சையைப் பற்றி அங்ஙனமே கூறுகின்றான். ஊதாரி மகன் தந்தையிடம் அதனையே சொல்கின்றான். கிரேக்க மூலத்தில் இவ்விடங்களிலெல்லாம் ஒரே சொல் இல்லை. மத்தேயுவில் நூற்றுக்கதிபதியும் ஸ்நானனும் கூறுவது 'ஹிக்கானோஸ்'; 'போதுமானவன்' என்பது அதன் பொருள். ஊதாரி மகன் கூறுவது 'ஆக்ஸியோஸ்'. அது துலாக்கோலினின்று வந்தது. தட்டைத் தாழ்த்தும் எடையுடையது, நிகரான எடையுடையது என்பது அதன் முதற்பொருள். போதாமையும் எடையின்மையும் தமிழில் ஒரு கலத்துட் பெய்யப்பட்டன. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்விடங்களிற் றகுதி என்னும் சொல்லை ஆண்டுள்ளது. தெளிவு கருதின் அது நன்றே. எனினும், பழைய சொல்லிடத்து எனக்கு ஒரு பற்றுண்டு. ஏனெனில், அப்போஸ்தலர் நடபடிகளில் ஆண்டவர் பவுலைக் குறித்து, தாம் தெரிந்துகொண்ட பாத்திரம் என்கிறார். அங்கு மூலத்திலுள்ள சொல் வெறுங்கலத்தைக் குறிப்பதே. சபையைத் துன்புறுத்திக்கொண்டு தமஸ்குவுக்குப் போன ஒருவன் 'பாத்திரம்' எனப்படுகின்றான். கிரேக்கத்தில் தொடர்பில்லாத இரு சொற்கள் தமிழில் உறவாயின. இதனை மொழிபெயர்த்தோர் கருதிச் செய்தனரோ, மொழியே செய்துகொண்டதோ!

எஞ்சியது ஆயாவைத் தடுத்த அந்த ஒரு சொல். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம், பதினோராம் அதிகாரம், 27 ஆம் வசனம். ஆண்டுள்ளது 'அபாத்திரன்' என்னும் பெயர் அன்று, 'அபாத்திரமாய்' என்பது. மூலத்திலும் 'அனாக்ஸியோஸ்' என்னும் அச்சொல் பெயருக்கு அடையாகாது வினைக்கு அடையாயே நிற்கின்றது. ஈற்றயல் உயிர் நீண்டொலித்தல் அதனைக் காட்டும். பெயரடை உண்பவனைச் சாரும். வினையடை உண்ணும் முறையைச் சாரும். 'விரைவாய் உண்டான்' என்புழி விரைவு உண்டலுக்கன்றி உண்டானுக்கு ஆகாமை போல. எனவே அவ்வசனம் தகுதியிலார் உண்ணலாகாது என்று கூறவில்லை. தகாத முறையில் உண்ணலாகாது என்றே கூறுகின்றது. முதலாண்டு இலக்கண வகுப்பிற் றேறிய எவரும் அறியத்தக்க இவ்வேறுபாட்டை, அன்று அக்காதோரம் பேசியவர் அறிந்திலர் போலும்.

அங்ஙனமாயின், தகாத முறை யாது? அதனைப் பவுலே சில வசனங்களின் முன்னர்க் கூறிவிட்டார். கொரிந்து சபையிற் செல்வமுடையார் முந்தி வந்து தத்தம் உணவைத் தாமே உண்டனர். உழைத்துக் களைத்துப் பிந்தி வந்த ஏழையர் பசித்திருந்தனர். ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறிகொண்டிருந்தான். இல்லாதவரை வெட்கப்படுத்துகின்றீர்களா என்று கடிந்து கேட்ட பின்னரே அவர் 'அபாத்திரமாய்' என்னும் சொல்லை எழுதுகின்றார். வள்ளுவர் தகுதி என்பதனைப் பகுதிதோறும் முறை பிறழாமை என்று கொண்டதனை மேலே கண்டோம். மூலங்கள் வேறு, காலம் வேறு, சமயம் வேறு. ஆயினும் இவ்விடத்தில் இருவரும் ஒரே வாயிலில் நிற்கக் காண்கிறேன். மீன்கூடையை வெளியே வைத்துவிட்டுப் பிந்தி வந்து நின்ற பெண்ணுக்கும், அவளை விலகச் செய்தவர்க்கும் இடையே, தகாத முறையில் நின்றவர் எவர் என்பது அவ்வசனத்தின்படி ஐயத்துக்குரியதன்று.

இவற்றையெல்லாம் சென்ற மாதம் ஒரு மாலையில் ஆயாவுக்குச் சொல்லலானேன். பெயரடை, வினையடை என்பனவற்றை எங்ஙனம் விளக்குவதென்று திகைத்து, விரைவாய் உண்ட உதாரணத்தையே சொன்னேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "படிச்சவங்க நீங்க, எப்படி வேணா திருப்புவீங்க" என்றார். ஈய வில்லையைப் பற்றிச் சொன்னபொழுது சிரித்தார். டங்கன் கதைக்கு ஒன்றும் கூறவில்லை. பின்னர்க் கொரிந்து சபையின் செய்தியைச் சொன்னேன். அப்பொழுது கத்தி நின்றது.

"லேட்டா வந்தவங்களுக்கு அப்புறம் சோறு கெடைச்சுதா?" என்று கேட்டார்.

கிரேக்கத்தையும் வடமொழியையும் புரட்டிய எனக்கு இவ்வினா தோன்றியதில்லை. வேதத்தை எடுத்துவந்து அவ்வதிகாரத்தின் இறுதியைப் பார்த்தேன். விருந்துக்குக் கூடும்பொழுது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி பவுல் எழுதியிருக்கிறார் என்றேன்.

"காத்திருந்தாங்களா?"

அதனை நிருபம் கூறவில்லை என்றேன். ஆயா சற்றுப் பொறுத்து, எங்கள் ஆலயத்தில் அடுத்த திருவிருந்து எப்பொழுது என்று கேட்டார். முதல் ஞாயிறு என்றேன். அதற்கு இன்னும் பத்து நாள்கள் உள்ளன.